உடைந்தால் யார் கணக்கில்?

எங்கள் பகுதியில் உள்ள ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் இருப்புப் புத்தகத்தில், 'பிளாஸ்டிக் கதிரை – 150', 'பெரிய கிடாரம் – 4' என்ற பதிவுகளுக்குக் கீழே 'வைன் கிளாஸ் – 96' என்றொரு பதிவு இருக்கிறது. கணக்குப் பார்க்க வந்த உத்தியோகத்தர் ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து, "மாதர் சங்கத்துக்கு வைன் கிளாஸ் எதற்கு?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2023 ஆம் ஆண்டு அதே கேள்வியை, அதைவிடக் கடுமையாகக் கேட்டவள் நான்தான்.

மட்டக்களப்பு வாவியை அண்டிய அந்தக் கிராமத்தில் இந்துக் குடும்பங்களும் கத்தோலிக்கக் குடும்பங்களும் கலந்து வாழ்கின்றன. சங்கத்தில் 34 அங்கத்தவர்கள். கதிரை, கிடாரம், தட்டு என்பவற்றை வைபவங்களுக்கு வாடகைக்குக் கொடுத்து, அந்த வருமானத்திலிருந்து தமக்குள் சிறு கடன் வழங்கி வருகிறார்கள். சமூக சேவையாளர் என்ற முறையில் மாதம் ஒரு முறை அவர்களுடைய கூட்டத்துக்குப் போவது என் கடமை.

கத்தோலிக்கக் கலியாணங்களில் பூசை முடிந்து விருந்துபசாரத்துக்கு வந்ததும், கேக் வெட்டி, மணமக்களை வாழ்த்திக் கிளாஸ் உயர்த்துவது வழக்கம். பெயர்தான் வைன். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கிளாசில் இருப்பது முந்திரிகைப் பழரசம் அல்லது நெல்லி ரசம். ஆனால் கிளாஸ் மட்டும் தண்டு வைத்த கிளாசாக இருக்க வேண்டும். பட்டணத்துக் கடையில் ஒரு கிளாசுக்கு நாளொன்றுக்கு 40 ரூபா வாடகை. உடைந்தால் 900 ரூபா. மகளின் கலியாணத்தில் ஏழு கிளாஸ் உடைந்து, 6,300 ரூபா கட்டிய தாய் ஒருவர்தான் கூட்டத்தில் எழுந்து, "நாமளே வாங்கி வாடகைக்கு விட்டா என்னகா?" என்று கேட்டார்.

உடனே எதிர்ப்பு வந்தது. "கசிப்புக்கு எதிராகப் பதாகை பிடிச்சுக்கொண்டு றோட்டில போன நாங்கள், வைன் கிளாஸ் வாங்கி விட்டால் சனம் என்ன கதைக்கும்?" என்றார் ஒரு அங்கத்தவர். நான் அவர் பக்கம் நின்றேன். சாதாரணக் கிளாஸ் போதும், தண்டு வைத்த கிளாஸ் வீண் ஆடம்பரம் என்று ஒரு சிறு விரிவுரையே நடத்தினேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது வெப்லன் என்ற அறிஞர் 1899 இல் எழுதிய நூலைப் பற்றிக் கற்றிருக்கிறேன். பிறருக்குக் காட்டுவதற்காகவே செலவு செய்யும் வழக்கத்தைப் பற்றியது அது. அந்தப் பாடம் எனக்கு அன்று கைகொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் மூத்தவரான ஒரு கத்தோலிக்க அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மிஸ், குடிகாரன் கிளாஸ் தேடிக்கொண்டா நிற்கிறான்? போத்தலை அப்படியே வாயில வைக்கிறான். இது பிள்ளைக்கு ஒரு நாள் பவிசு. அதுக்குக் கடைக்காரனுக்கு ஏன் ஆறாயிரம் கட்டவேணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர்கள் கேட்டது ஆடம்பரத்தை அல்ல. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒரு செலவைக் குறைக்கும் வழியைத்தான் கேட்டார்கள். வாக்கெடுப்பில் வாங்குவதென்று முடிவானது. குடும்ப வைபவங்களுக்கு மட்டுமே கொடுப்பது, மதுபான விருந்துக்குக் கொடுப்பதில்லை என்ற நிபந்தனையையும் அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். ஒதுக்கிய தொகை 40,000 ரூபா. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின், வெளிநாட்டுப் பொருள் எதுவும் பழைய விலையில் கிடைப்பதில்லை. மட்டக்களப்புப் பட்டணத்தில் விசாரித்தபோது ஆறு கிளாஸ் கொண்ட ஒரு பெட்டி 3,100 ரூபா. பதினாறு பெட்டிக்கு 49,600 ரூபா. எனவே கொழும்பு புறக்கோட்டைக்குப் போவதென்று தீர்மானித்தோம். தலைவி, நான், மூன்றாவதாக ஓர் அக்கா.

அந்த அக்கா கூட்டங்களில் அதிகம் பேசாதவர். அவரை ஏன் தெரிவு செய்தார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. இரவு ரயிலில்தான் விளங்கியது. 2004 முதல் 2013 வரை ஒன்பது வருடங்கள் லெபனானில் ஒரே வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர் அவர். 2006 யூலைப் போரின்போதும் அங்கேதான் இருந்திருக்கிறார். அந்த வீட்டில் விருந்து அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு விருந்துக்குப் பின்னும் நாற்பது, ஐம்பது கிளாஸ் கழுவித் துடைத்து அலுமாரியில் அடுக்குவது அவருடைய வேலை.

"முதல் வருசம் ஒரு கிளாஸ் உடைஞ்சது மிஸ். தண்டைப் பிடிச்சுக்கொண்டு வாயைத் துடைச்சன், முறிஞ்சிட்டுது. பயத்தில துண்டுகளைச் சீலையில சுத்தி மெத்தைக்குக் கீழ ஒளிச்சு வைச்சன். மூணு நாள் நித்திரை இல்லை. மறுகா மடம் எண்ணிப் பார்த்திட்டா. அந்த மாதச் சம்பளத்தில பாதியை வெட்டினாங்கள். ஒரு கிளாசுக்கு அவ்வளவு விலையா எண்டு கேட்க எனக்கு அப்ப பாஷையும் தெரியாது."

பாஷை தெரிந்திருந்தாலும் அவர் எங்கே போய்க் கேட்டிருப்பார்? லெபனானின் 1946 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் வீட்டுப் பணியாளரைத் தன் பாதுகாப்பிலிருந்து வெளியே வைத்திருக்கிறது. கபாலா என்ற முறையில் பணிப்பெண்ணின் வதிவிட அனுமதி முதலாளியின் கையில் இருக்கிறது. இவற்றை நான் பயிற்சிப் பட்டறைகளில் பல முறை சொல்லியிருக்கிறேன். உடைந்த கிளாசை மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்த ஒருவரிடமிருந்து கேட்டது அன்றுதான் முதல் தடவை.

காலையில் கோட்டை ரயில் நிலையத்தில் முகம் கழுவி, தேநீர் குடித்து, கடை திறக்கும் நேரத்துக்குப் புறக்கோட்டைக்கு நடந்தோம். முதலில் நுழைந்த கடையில் விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே மின்னின. "இது கிரிஸ்டல், பாரம் பாருங்க" என்று கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். ஒன்று 1,900 ரூபா. அக்கா அதைக் கையில் வாங்கி, விளிம்பில் நகத்தால் மெதுவாகத் தட்டினார். மணி அடித்தாற்போல ஓசை எழுந்து சற்று நேரம் நின்றது. "நல்ல சாமான்தான். ஆனா எங்களுக்கு வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

வாசகிகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் அன்றாடம் பாவிக்கும் கிளாஸ்கள் மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உருக்கிச் செய்பவை. 1674 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொப்ட் என்பவர் கிரிஸ்டல் போன்ற கண்ணாடி செய்வதற்குக் காப்புரிமை பெற்று, பின்னர் அதில் ஈயம் கலந்தார். பழைய வகைக் கிரிஸ்டல் கிளாசின் பாரத்துக்கும் மினுக்கத்துக்கும் ஓசைக்கும் அந்த ஈயம்தான் காரணம். ஐரோப்பிய நியமப்படி முழு ஈயக் கிரிஸ்டலில் குறைந்தது 30 சதவீதம் ஈய ஒட்சைட் இருக்க வேண்டும். அதில் பானத்தை நாட்கணக்காக ஊற்றி வைத்தால் ஈயம் பானத்தில் கலக்கும். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயம் கூடாது. ஈயத்துக்குப் பதிலாக பேரியம், நாகம் போன்றவற்றின் ஒட்சைட் சேர்த்துச் செய்யும் கிரிஸ்டலும் இன்று கிடைக்கிறது. ஆனால் பெட்டியில் 'ஈயம் அற்றது' என்று எழுதியிருக்க வேண்டும். கடைக்காரர் காட்டிய பெட்டியில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பிள்ளைகளும் குடிக்கப்போகும் கிளாசுக்கு அந்தச் சந்தேகமே போதும், வேண்டாம் என்று சொல்ல.

இரண்டாவது கடையில் ஆறு கிளாஸ் 1,500 ரூபா. தலைவிக்கு முகம் மலர்ந்தது. அக்கா பெட்டியைத் திறந்து ஆறையும் கண்ணாடி மேசையில் நிறுத்தினார். இரண்டு ஆடின. அடிப்பாகம் மட்டமாக இல்லை. ஒன்றின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, என் விரலையும் பிடித்து ஓட்டினார். ஓரிடத்தில் சுரீரென்று பட்டது. தண்டும் கிண்ணமும் சேரும் இடத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். உள்ளே சிறு குமிழி ஒன்று. "இந்த இடத்திலதான் முறியும். குமிழி இருந்தா ரெண்டாம் தரம் கழுவுறதுக்குள்ள போயிரும்" என்றார். மலிவு என்று நினைத்தது மலிவல்ல என்று கண்டுகொண்டோம்.

மூன்றாவது கடை ஒரு குறுக்குத் தெருவில், படி ஏறிப் போகும் சிறிய கடை. அங்கே பெரிய கிளாஸ், சிறிய கிளாஸ் என்று பல அளவுகள். பார்வைக்கு அழகானது 450 மில்லிலீற்றர் கிளாஸ். தலைவி அதையே விரும்பினார். நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை 50 மில்லிலீற்றர் வீதம் ஊற்றினால் பதினைந்து பேருக்குக் காணும். அந்த 50 மில்லிலீற்றர் பெரிய கிளாசின் அடியில் கிடந்தால் வெறும் கிளாஸ் போலத் தெரியும். வீட்டுக்காரருக்கு மனம் கேட்காது, இன்னும் ஊற்றுவார். 180 மில்லிலீற்றர் கிளாசில் அதே அளவு பார்வைக்குப் போதுமானதாக இருக்கும். கிளாஸ் பெரிதானால் பானச் செலவும் பெரிதாகும். அந்தப் பயணத்தில் என் படிப்பு உதவிய இடம் இதுதான்.

விளிம்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று மெல்லியதாக வெட்டி மெருகிட்டது. வாயில் வைக்க இதமானது, சீக்கிரம் சிதறும். மற்றது ஓரம் உருண்டு தடித்த வளையம்போல இருப்பது. வைன் சுவைப்பதில் தேர்ந்தவர்கள் மெல்லியதைத்தான் கேட்பார்கள். வாசனை நிற்பதற்காக வாய் உள்நோக்கி ஒடுங்கியதையும், கைச்சூடு பானத்தில் ஏறாமல் இருப்பதற்காக நீண்ட தண்டையும் பார்ப்பார்கள். நெல்லி ரசத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. நூறு பேர் கைமாறும் வாடகைக் கிளாசுக்கு உருண்ட விளிம்பும் குட்டையான தடித்த தண்டும்தான் பொருத்தம்.

அப்படிப்பட்ட கிளாஸ் அங்கே பெட்டி 2,400 ரூபாவுக்கு இருந்தது. "நானா, ரெண்டு பெரிய பெட்டி எடுக்கிறம், மாதர் சங்கத்துக்கு" என்று தலைவி பேரம் பேசத் தொடங்கினார். பெரிய பெட்டி ஒன்றில் எட்டுச் சிறு பெட்டிகள். அரை மணி நேரத்துக்குப் பின் 2,050 ரூபாவில் முடிந்தது. அக்கா இன்னொரு கேள்வி கேட்டார்: "இதே மாதிரி அடுத்த வருசமும் வருமா?" எனக்குத் தோன்றாத கேள்வி அது. உடைந்ததற்குப் பதில் அதே மாதிரியில் வாங்க முடியாவிட்டால் தொகுதியே கலைந்துவிடும். பல வருடங்களாக வரும் மாதிரி என்று கடைக்காரர் பெட்டியில் இருந்த இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தந்தார்.

பணம் கொடுக்கும் முன் தொண்ணூற்றாறு கிளாசையும் அங்கேயே எடுத்துப் பார்த்தோம். இரண்டில் விளிம்பு சிதறியிருந்தது, ஒன்று ஆடியது. முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார். கிளாசுக்கு 32,800 ரூபா, எங்கள் பயணத்துக்கும் லொறிக்கூலிக்கும் 5,400 ரூபா. மொத்தம் 38,200. பட்டண விலையைவிட 11,400 ரூபா குறைவு. ஒரு கிளாஸ் ஏறக்குறைய 400 ரூபாவுக்கு அடங்கியது.

ஆனால் பெரிய வாக்குவாதம் ஊருக்குத் திரும்பிய பிறகுதான். வாடகை ஒரு கிளாசுக்கு 25 ரூபா என்பதில் பிரச்சினை இல்லை. உடைந்தால் எவ்வளவு? பொருளாளர் 800 ரூபா என்றார். "கூட வைச்சாத்தான் கவனமாப் பாவிப்பாங்கள்" என்பது அவரது நியாயம். கடையை விட 100 ரூபா குறைவுதானே என்றும் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். நானும் சங்கத்தின் சொத்தைப் பாதுகாக்க வேண்டுமென்று அதை ஆமோதிக்க வாயெடுத்தேன்.

அதுவரை பேசாதிருந்த அக்கா எழுந்தார். "கிளாஸ் எங்களுக்கு 400. அதுக்கு மேல ஒரு சதம் எடுத்தாலும் அது உடைஞ்ச காசு இல்லை, தண்டனைக் காசு. கலியாண வீட்டில கிளாஸ் கழுவுறது யார்? வீட்டுக்காரியா? கூலிக்கு வாற பிள்ளை. 800 எண்டு நாம எழுதினா, வீட்டுக்காரர் அந்தப் பிள்ளையின்ர கூலியில வெட்டுவாங்கள். அவளுக்கு ஒரு நாள் கூலியே 1,500. நான் அந்தப் பிள்ளையா இருந்திருக்கிறன்."

கூட்டம் அமைதியானது. பொருளாளர்தான் முதலில் பேசினார். "சரி அக்கா, நீங்களே சொல்லுங்க" என்றார். அன்று எழுதிய விதிகள் இவை: உடைந்த கிளாசுக்கு 400 ரூபா மட்டும். ஒரு வைபவத்தில் இரண்டு கிளாஸ்வரை உடைந்தால் சங்கமே ஏற்கும். கழுவுபவரிடம் எக்காரணம் கொண்டும் அறவிடக் கூடாது. இந்த மூன்றாவது விதி ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் எழுதப்படும்.

முதல் கலியாணம் வந்தது. அடுத்த நாள் காலை, கழுவும் வேலைக்குப் போன இருபது வயதுப் பெண் ஒருவர் சங்கக் கட்டிட வாசலில் நின்றார். கையில் ஒரு துணிப் பொட்டலம். அக்கா அதை வாங்கி அவிழ்த்தார். மூன்று கிளாசின் துண்டுகள். அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டார். அக்கா துண்டுகளைப் பத்திரமாக ஒரு பழைய பேணியில் போட்டுவிட்டு, அவருடைய கைகளைத் திருப்பிப் பார்த்தார். வெட்டுக் காயம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். பிறகு, "இரண்டு சங்கத்துக்கணக்கு, ஒண்டு வீட்டுக்காரர் கணக்கு. உனக்கு ஒண்டும் இல்லை. போய்த் தேத்தண்ணி குடி மகள்" என்றார். அன்று மாலையே வேலைக்குப் போகும் பெண்களைக் கூட்டி, கழுவும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். அடியில் தடித்த துணி விரித்து ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். துடைக்கும்போது தண்டையோ அடியையோ அல்ல, கிண்ணத்தையே பிடிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரின் வெண்படலம் வினாகிரி கலந்த தண்ணீரில் போய்விடும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கக் கூடாது. கொதிக்கும் தேநீரை இதில் ஊற்றவே கூடாது, கீறல் விடும். சூடான பானத்துக்குப் போரோசிலிக்கேற் என்ற வெப்பம் தாங்கும் கண்ணாடி வேறாக உண்டு.

முதல் வருடத்தில் 19 வைபவங்களுக்குக் கிளாஸ்கள் போய் வந்தன. கிடைத்த வாடகை 32,000 ரூபாவுக்குச் சற்று மேல். உடைந்தவை பதினொன்று. இந்துக் குடும்பங்களின் சாமத்தியச் சடங்குகளுக்கும் பிறந்தநாள்களுக்கும் பழக்கலவை வைக்க எடுத்துப் போனார்கள். மதுபான விருந்துக்குக் கேட்டு வந்த இரண்டு இளைஞர்களைத் தலைவி திருப்பி அனுப்பினார். கசிப்புக்கு எதிரான எங்கள் வேலை முன்போலவே நடக்கிறது. தொகுதி குறைந்தபோது, பற்றுச்சீட்டில் இருந்த இலக்கத்தைச் சொல்லி அதே மாதிரியில் இரண்டு பெட்டி வருவித்தோம்.

சகோதரிகளே, வீட்டுக்கோ சங்கத்துக்கோ நீங்கள் கிளாஸ் வாங்கப் போனால் மினுக்கத்தைப் பார்க்காதீர்கள். மட்டமான மேசையில் நிறுத்திப் பாருங்கள். விளிம்பில் விரலை ஓட்டுங்கள். தண்டு சேரும் இடத்தை வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். தேவைக்கு ஏற்ற அளவை எடுங்கள். அதே மாதிரி மீண்டும் கிடைக்குமா என்று கேளுங்கள். முடிந்தால் கழுவிப் பழக்கமுள்ள ஒருவரைக் கூட்டிப் போங்கள். இவை தெரிந்தால் நல்ல சாமான் நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

வாங்கிய பிறகு, அதைக் கழுவப்போகிறவர் யார், உடைந்தால் அது யார் கணக்கில் என்பதையும் வீட்டில் ஒரு தடவை பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சங்கத்தில் அதைப் பேச வைத்தவர் அந்த அக்கா. இப்போது அவர்தான் கிளாஸ்களுக்குப் பொறுப்பாளர். அலுமாரித் திறப்பு அவர் கையில்தான் இருக்கிறது.